சம்புப் பாத்தி

அதையா கேக்குறீக தம்பி? பஸ்ஸு திரும்புன எடத்துல ஆளு ஒசரத்துக்குப் பச்சையா நின்னுச்சே, அதுவா? கரும்பு இல்ல. எல்லாரும் கரும்புன்னுதான் நெனைக்கிறாக. அது சம்பு. சம்பங்கோரைன்னும் சொல்வாக. தண்ணி தேங்குன எடத்துல தானா மொளைக்கிற சனியன். அதைப் போயி பாத்தி கட்டி, சரளைக் கல்லு கொட்டி, நெல்லு நாத்து நடுற மாதிரி நட்டு வச்சிருக்காக. திங்கலாமா? மாடு கூட வாய் வைக்காது. அந்த முப்பது சென்ட்டு யாரு நெலம் தெரியுமா? என் நெலம். சரி, கணக்குல பொறம்போக்குன்னு இருக்கு. இருந்தா? இருவது வருசமா உழுதவன் நானு. எங்கப்பன் வச்ச தென்னை ஒம்பது நின்னுச்சு அதுல.

அந்தச் சம்பாலதான் இன்னைக்கு நான் தேனிக் கோர்ட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கேன். கொலைக் கேசு. அட, ஒதுங்காதீக தம்பி. நல்லா உக்காருங்க. என்னையப் பாத்தா அப்படியா தெரியுது? நான் கோவமே வராத ஆளு. மேலவாகைல யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க, மொக்கராசு எப்படின்னு. வேணாம், இப்பக் கேக்காதீக. இப்ப எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாக.

மேலவாகைல எனக்கு நாலு ஏக்கர் திராட்சைத் தோட்டம். பன்னீர்த் திராட்சை. திராட்சைங்கிறது கைப்புள்ள மாதிரி. ஒரு தூத்தல் போட்டா அடிச்சாம்பல் நோய் வந்துரும். ஒடனே மருந்தடிக்கணும். நீலமா இருக்குமே மயில்துத்தம், அதையும் சுண்ணாம்பையும் கலந்து அடிக்கணும். அது பத்தாதுன்னு கடைக்காரன் குடுக்குற மருந்து வேற. யூரியா, டிஏபி. கொடி கேக்கும், குடுக்கணும். மழை பெஞ்சா மிச்சமெல்லாம் கரைஞ்சு ஓடைக்குப் போகும். தண்ணி பள்ளத்தைப் பாத்துத்தான் ஓடும். நான் என்ன, கையப் புடிச்சா நிறுத்த முடியும்?

அந்த ஓடை நேரா கீழவாகைக்குப் போகுது. நடந்தா ஒரு மைலு. பஸ்ஸுதான் கிறுக்குத்தனமா கரட்டைச் சுத்திக்கிட்டுப் போகும், அரை மணி நேரம் ஆகும். அங்க ஓடைக்கரைல ஒரு கெணறு இருக்கு. ஊருக்கே அதுதான் குடிதண்ணி. அந்த ஊர்லதான் என் தங்கச்சி ராமுத்தாயைக் குடுத்திருக்கேன். நான் பாத்துக் கட்டி வச்ச மாப்ளைதான், தங்கமலை. பஞ்சாயத்துல டேங்க் ஆபரேட்டரு. காலைல மோட்டரைப் போட்டு, டேங்க்கை நெப்பி, தெருத்தெருவாத் தண்ணி தொறந்து விடுறது அவன் வேலை. ஒல்லியா இருப்பான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அப்படிப்பட்ட ஆளைத்தான் நம்பக் கூடாதுன்னு எனக்கு அப்பத் தெரியல.

மூணு வருசத்துக்கு முந்தி, மாசி மாசம். ராமுத்தாயி மக பிரசவத்துக்கு வந்திருந்தா. தாய்ப்பால் பத்தல, புட்டிப்பால் குடுத்திருக்காக. மூணு மாசப் புள்ள. ஒரு நாளு காலைல ஒதடு நீலமாப் போச்சு. நகமெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி. மூச்சு இழுக்குது. தூக்கிட்டு ஓடுனாக. ஆஸ்பத்திரில நீல நெறத்துலயே ஒரு மருந்தை ஊசில ஏத்துனாகளாம், புள்ள செவந்துருச்சாம். டாக்டர் கேட்டிருக்காரு, 'பால்பவுடரை எந்தத் தண்ணில கரைச்சீங்க?' கெணத்துத் தண்ணியைக் கொண்டு போயிப் பாத்துட்டு, ஒரத்து உப்பு அளவுக்கு மீறி இருக்கு, அது கைப்புள்ளைக ரத்தத்தைக் கெடுத்துரும்னு சொல்லிட்டாரு.

நான் சொன்னேன், புள்ளைக்குச் சீர் தட்டிருக்கு, மந்திரிங்கன்னு. யாரு கேட்டா?

தங்கமலை மறுநாளே என் தோட்டத்துக்கு வந்தான். பந்தலுக்கு வெளியவே நின்னான். 'மச்சான், நான்தான் தண்ணி தொறந்து விட்டேன். இந்தக் கையாலதான் அந்த வால்வைத் திருகுனேன்'னான். அழுதான். ஆம்பளை அழுதா எனக்குப் புடிக்காது. மருந்து கலக்கப் போயிட்டேன்.

நாலஞ்சு மாசம் எங்கெங்கயோ அலைஞ்சான். விவசாயக் காலேஜ்ல இருந்து ஒரு அம்மாவைக் கூட்டியாந்தான். அப்பறம் என்கிட்ட வந்து ஒரு கதை சொன்னான். 'ஒங்க ஓடைவாய்ல இருக்கிற அந்த முப்பது சென்ட்டு போதும் மச்சான். மொதல்ல ஒரு குழி. வண்டல் அதுல தங்கிரும். அப்பறம் மூணு பாத்தி, சரளை போட்டு, சம்பும் கல்வாழையும் நட்டு. தண்ணி வேருக்குள்ள மெல்ல மெல்ல ஊறிப் போயி, அஞ்சு நாளு கழிச்சு வெளிய வரும். ஒரத்தை வேரே தின்னுரும். நீங்க ஒங்க வெள்ளாமையைப் பாருங்க, அது பாட்டுக்கு இது இருக்கும்.'

'என் மருந்தை வெசம்னு சொல்றியாடா?'ன்னு கேட்டேன்.

'வெசம்னு சொல்லல மச்சான். கொடிக்கு அது மருந்து. புள்ளைக்கு ஆகல.'

பாத்தீகளா பேச்சை? எம்புட்டுத் திமிரு பாருங்க அதுல.

நான் முடியாதுன்னுட்டேன். அவன் கலெக்டர் வரைக்கும் மனு குடுத்துட்டான். ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபைல, ரெண்டு ஊரு சனமும் உக்காந்திருக்கு, தண்ணிச் சோதனைக் காயிதத்தை எந்திரிச்சு வாசிக்கிறான். என் பேரைச் சொல்லல. 'மேல இருக்கிற திராட்சைத் தோட்டம்'னு சொன்னான். மேல வேற யாரு திராட்சை போட்டிருக்கா? எந்திரிச்சுப் போயி கன்னத்துல ஒண்ணு வச்சேன். ஒண்ணே ஒண்ணு. காதுல ரத்தம் வந்துச்சு. அது அவன் காது வாகு. அன்னைலருந்து அந்தப் பக்கம் கேக்காதுன்னு சொல்லித் திரிஞ்சான். தங்கச்சி புருசனை அடிக்க எனக்கு உரிமை இல்லையா? அவன் காயிதத்தைக் கீழே போடவும் இல்ல. ரத்தத்தைத் தோள்துண்டுல தொடைச்சுக்கிட்டு மிச்சத்தையும் வாசிச்சுட்டுத்தான் உக்காந்தான்.

அடுத்த மாசமே போலீஸோட ஜேசிபி வந்துச்சு. ஒம்பது தென்னையும் ஒண்ணொண்ணா சாஞ்சுச்சு. என்னையத் தோட்டத்துக்குள்ள விடாம ரெண்டு ஏட்டு புடிச்சுக்கிட்டாக. அது கொலை இல்லையா தம்பி? மரத்துக்கு உசுரு இல்லையா? அதுக்கு எந்தக் கோர்ட்டு கேசு எடுத்துச்சு?

குழி வெட்டி, கரை போட்டு, சம்பு நட்டாக. தங்கமலை தெனமும் மோட்டரைப் போட்டு விட்டுட்டு இங்க வந்துருவான். கைக்கொழந்தை மாதிரிப் பாத்துக்கிட்டான். ஆறு மாசத்துல என் பந்தலுக்கு மேல ஒசந்து நின்னுச்சு. அதுக்குள்ள நீர்க்கோழி வந்து கூடு கட்டிருச்சு. காலைல நான் மருந்தடிக்கப் போனா அதுக கத்துற சத்தம் என்னையக் கேலி பண்ற மாதிரி இருக்கும்.

சித்திரைல காஞ்சு கெடந்துச்சு. மருந்தடிக்கிற மிசினுக்கு வாங்கி வச்ச பெட்ரோல் இருந்துச்சு. உச்சி வெயில்ல ஊத்திப் பத்த வச்சேன். ஒளிச்சு மறைச்சுச் செய்யல, பட்டப்பகல்ல செஞ்சேன், எழுதிக்கங்க. சடசடன்னு புடிச்சுச்சு. நீர்க்கோழிக் குஞ்சுக றெக்கைல தீயோட வெளிய ஓடியாந்துச்சுக. கருகுன வாடை ரெண்டு நாளைக்கு மூக்கை விட்டுப் போகல. காத்து திரும்பி என் பந்தல்லயே ரெண்டு வரிசை போச்சு. அந்த நட்டத்தை யாரு குடுத்தா?

ராமுத்தாயி ஓடை வழியா ஓடியாந்தா. தலையெல்லாம் விரிச்சுக்கிட்டு. நான் கூடப் பொறந்தவன்னு ஒரு நெனப்பு வேணாம்? கீழ கெடந்த சரளைக் கல்லை எடுத்து வீசுனா பாருங்க. இந்தா, வாயைப் பாருங்க, முன்பல்லு ரெண்டும் அன்னைக்குப் போனதுதான். ரத்தம் சட்டையெல்லாம். 'அண்ணே, அடுத்த கல்லு நெத்திக்கு'ன்னா. நானும் விடல. முடியைப் புடிச்சு இழுத்துத் தரைல தேச்சேன். தங்கமலைதான் ஓடியாந்து பிரிச்சு விட்டான். பிரிச்சு விட்டுட்டு என்ன செஞ்சாங்கிறீக? வாளியைத் தூக்கிக்கிட்டுத் தீயை அணைக்கப் போயிட்டான். பொண்டாட்டி ஒதட்டுல ரத்தத்தோட நிக்கிறா, அவனுக்குச் சம்புதான் பெருசு. அப்பவே தங்கச்சிகிட்டச் சொன்னேன், 'பாத்தியாத்தா ஒன் புருசனோட லட்சணத்தை'ன்னு.

அந்தச் சனியன் சாகல தம்பி. மேலதான் எரிஞ்சிருக்கு. இருவது நாளுல முன்னை விடப் பச்சையாக் கெளம்பிருச்சு.

இப்ப ஐப்பசிக்கு வர்றேன். அதுதானே கேசு.

காய் பழுத்து நிக்குது. வியாபாரி வந்து பாத்துட்டுப் போயிட்டான், இன்னும் நாலு நாளுல வெட்டு. மூணு நாளு மழை. விடாத மழை. மூணாம் நாளு காலைல போயிப் பாத்தா என் தோட்டத்துல முட்டளவு தண்ணி. கீழ வாங்கவே இல்ல, வடியாம நிக்குது. ஓடைவாய்ல சம்புக் குழிக்குப் போற மடை அடைச்சுக்கிச்சு, தண்ணி எதுத்து என் பந்தலுக்குள்ள ஏறிருச்சு. பழம் வெடிக்குது. கண்ணு முன்னால வெடிச்சு வெடிச்சு விழுகுது. வேணும்னே அடைச்சுட்டான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

மம்பட்டியை எடுத்துக்கிட்டு எறங்குனேன். தங்கமலை இடுப்பளவு தண்ணில நின்னு மடைல கைய விட்டு எதையோ இழுத்துக்கிட்டு இருக்கான். குளுர்ல ஒதடு ஆடுது.

'மச்சான், ஒரு மணி நேரம் பொறுங்க. கம்பி வலைல கொடி சிக்கி அடைச்சிருக்கு. ஒங்க தோட்டத்துக் கொடிதான். எடுத்துட்டா தண்ணி வாங்கிரும்.'

ஆடி மாசம் கவாத்து பண்ணி வெட்டிப் போட்ட கொடியை ஓடைலதான் தள்ளுனோம், ஒரச்சாக்கும் அதுலதான் போட்டோம். எப்பவும் அங்கதான் போடுறது. அந்த நேரத்துலயும் என்னையக் குத்திக் காட்டுறான் பாருங்க.

'நீ நவுரு. கரையை வெட்டப் போறேன்'னேன்.

'வெட்டாதீக. ஒரு வருச வண்டல் குழிக்குள்ள கெடக்கு. ஒடைஞ்சா அம்புட்டும் கெணத்துல போயி விழும். மோட்டரு ஓடிக்கிட்டு இருக்கு மச்சான்.'

நான் வெட்ட ஆரம்பிச்சேன். அவன் தண்ணிய விட்டு ஏறி வந்து வெட்டுற எடத்துல குப்புறப் படுத்துக்கிட்டான். கைய ரெண்டையும் விரிச்சுக் கரையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. தூக்கிப் போட்டேன். மறுபடியும் வந்து படுக்கிறான். ஒரு வார்த்தை திட்டியிருந்தா கூட எனக்கு ஆறியிருக்கும். அவன் திட்டவே இல்ல தம்பி. 'வேணாம் மச்சான், வேணாம் மச்சான்'னு மண்ணுக்குள்ளயே பேசிக்கிட்டு இருக்கான். பின்னால என் பழம் வெடிச்சு விழுகுற சத்தம்.

மம்பட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தாலதான் அடிச்சேன். வெட்டணும்னு நெனச்சா மொனையாலயே வெட்டியிருக்கலாம்ல? வக்கீலு இதைத்தான் புடிச்சுக்கிட்டு இருக்காரு. மொத அடி தோள்ல. அடுத்தது தலைல. டாக்டர் காயிதத்துல நாலு அடின்னு எழுதியிருக்காக. நான் எண்ணல. தேங்காயைப் படிக்கல்லுல ஒடைச்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு, அப்பத்தான் நிறுத்துனேன்.

நிறுத்துன நேரம் பாத்துக் கரை போயிருச்சு. ஏற்கெனவே வெட்டுன எடம். என் காலுக்குக் கீழ மண்ணு வழுக்கி, அப்படியே குழிக்குள்ள போயிட்டேன். தண்ணி இல்ல தம்பி அது, சேறு. கருநீலச் சேறு. கழுத்து வரைக்கும் இழுத்துருச்சு. வாய்க்குள்ள போயி எரியுது. கத்துறேன், சத்தம் வரல. சுத்தி தண்ணி இரையுது. சாகப் போறேன்னு தெரிஞ்சுபோச்சு.

அப்ப ஒரு கம்பு வந்து மூஞ்சில இடிச்சுச்சு. மம்பட்டிக் காம்பு. மேல பாத்தா தங்கமலை. ஒரு கண்ணைக் காணோம், ரத்தம் மூடிருச்சு. ஊர்ந்து வந்து மீதிக் கரைல வயித்தைக் குடுத்துப் படுத்துக்கிட்டு, ஒரு கையில சம்புக் கட்டையப் புடிச்சுக்கிட்டு, மறு கையால காம்பை நீட்டுறான். புடிச்சேன். எம்புட்டு நேரம் இழுத்தான்னு தெரியல. அந்த ஒல்லிக் கையில அம்புட்டு பலம் எங்க இருந்துச்சோ.

அதை வச்சு ஊரே பேசுது. 'கொல்ல வந்தவனைக் காப்பாத்துனான்'னு. நான் கேட்டேனா? காப்பாத்துடான்னு நான் கேட்டேனா தம்பி? செத்திருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன், அவன் மேல கேசு ஆயிருக்கும்.

சரி, நீங்க யாரோ எவரோ. தேனில எறங்கிப் போயிருவீக. ஒண்ணு சொல்றேன். இதை நான் வக்கீல்கிட்டக் கூடச் சொன்னதில்ல.

என்னையக் கரைல இழுத்துப் போட்டுட்டு அவன் மல்லாக்க விழுந்தான். என் சட்டையைப் புடிச்சான். அடிக்கப் போறான்னு நெனச்சேன். 'மச்சான்'னான். 'ராமுத்தாயிக்குப் போனைப் போடுங்க. மோட்டரை நிறுத்தச் சொல்லுங்க. யாரும் தண்ணி புடிக்க வேணாம்னு சொல்லச் சொல்லுங்க.' திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். அப்பறம், 'புள்ள குடிச்சுரும் மச்சான்'னான். அவ்வளவுதான். கண்ணு சொருகிருச்சு.

பக்கத்துத் தோட்டத்து ஆளுக ஓடியாந்து அவனை லோடு ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டுப் போனாக. மூணு நாளு கெடந்தான், வாயே தொறக்காமப் போயிட்டான்.

நானா? நான் வீட்டுக்கு வந்தேன். சுடுதண்ணி வச்சுக் குளிச்சேன். சேறு உள்ள போனதுல வாந்தி வாந்தியா எடுத்தேன். போன் அலமாரி மேலதான் இருந்துச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த நேரத்துல எனக்கு அவன் மேல அம்புட்டு ஆத்திரம் தம்பி. அவன் சொல்லி நான் செய்யணுமா? அதுவும் தங்கச்சிக்குப் போன் போட்டு என்னத்தன்னு சொல்றது? ஒன் புருசனை அடிச்சுப் போட்டுட்டேன், மோட்டரை நிறுத்துன்னா? நீங்களே சொல்லுங்க.

மோட்டரு மத்தியானம் வரைக்கும் ஓடியிருக்கு. புருசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாகன்னு கேட்டு அவ போட்டது போட்டபடி ஓடிட்டா. கருநீலத் தண்ணி டேங்க்ல ஏறி, தெருவெல்லாம் குழாய்ல வந்திருக்கு. மழைத் தண்ணி கலங்கல்னு நெனச்சு வடிகட்டிக் குடிச்சிருக்காக. பதினோரு புள்ளைகளைத் தூக்கிக்கிட்டுப் போனாகளாம். ராமுத்தாயி பேத்தியும் அதுல ஒண்ணு, அப்ப அதுக்கு ரெண்டு வயசு இருக்கும். ஒண்ணும் ஆகல, எல்லாம் ஒரு வாரத்துல எந்திரிச்சுருச்சுக. பெருசாக்குறாக. ஓடை போயிச் சேர்ற கம்மாய்ல மீனு வெள்ளையா மெதந்துச்சு, ரெண்டு மாடு போச்சு, அதையும் என் கணக்குலதான் எழுதுறாக.

தொண்ணூறு நாளு உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தேன். வந்து பாத்தா கரையை மறுபடியும் கட்டிட்டாக. கீழவாகைப் பொம்பளைக எல்லாம் சேந்து. என் பொண்டாட்டியும் போயி மண்ணுச் சட்டி சொமந்தாளாம். கேட்டதுக்கு, 'எனக்கும் புள்ளைக இருக்கு'ன்னு ஒத்தை வார்த்தை. அதுக்கப்பறம் என்கிட்டப் பேச்சில்ல. தங்கமலை வேலையை ராமுத்தாயிக்கே குடுத்துட்டாக. காலைல மோட்டரைப் போடுறா, மத்தியானம் வந்து சம்பு அறுக்கிறா. என் வேலிக்கு அந்தப் பக்கம்தான் அறுப்பா. தலையைத் தூக்கிப் பாக்க மாட்டா. தண்ணி இப்ப நல்லாருக்காம், போர்டுல எழுதித் தொங்க விட்டிருக்காக. என் தோட்டத்துத் தண்ணிதான் அது. என் பேரு போர்டுல இருக்கா?

கீழவாகை வந்துருச்சு. இன்னைக்கு அவ சாட்சி சொல்ற நாளு. இந்த பஸ்ஸை விட்டா வேற பஸ்ஸு இல்ல. அந்தா, பச்சைச் சேலை, ஏறுறா பாருங்க. கையைப் பாருங்க, சம்பு அறுத்து அறுத்து எப்படிக் கிழிஞ்சிருக்குன்னு. சத்தம் போடாதீக, இங்கதான் வர்றா.

உக்காருத்தா ராமுத்தாயி. நான் நிக்கிறேன், நீ உக்காரு. பாத்தீகளா தம்பி, உக்கார மாட்டா. அம்புட்டு வீம்பு.

என்னத்தா? காதுல விழுகல, பஸ்ஸு இரைச்சல்.

அதுவா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதையே கேக்குற. இல்லத்தா. அவரு கடைசியா ஒண்ணுமே சொல்லல. விழுந்த மனுசன் அப்படியே கெடந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா ஒனக்குச் சொல்லாமலா இருப்பேன்?

தம்பி, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீக? தேனிக்கு இன்னும் தூரம் இருக்கு. உக்காருங்க. அவகிட்ட என்ன பேச்சு ஒங்களுக்கு?

தம்பி. உக்காருங்கன்னு சொல்றேன்ல.

தம்பி.